பச்சை குத்திய கை



முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அவற்றுள் கடைசிப் பதினோராண்டுகள் தலைமையாசிரியர் நாற்காலியில் கழிந்தன. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதன்முதலாகச் சொல்லித் தந்த பாடங்களுள் ஒன்றை நான் மறந்ததில்லை. வகுப்பறைக்குள் நுழையும் ஆசிரியரை மாணவர்கள் முதலில் கண்ணால் படிக்கிறார்கள். பிறகுதான் காதால் கேட்கிறார்கள் என்பதே அந்தப் பாடம். ஆதலால் என் உடையிலும், சக ஆசிரியர் உடையிலும், மாணவர் தலைவாரும் முறையிலும்கூட நான் கண்டிப்பாக இருந்தேன். தோற்றத்தில் ஒழுங்கு இருந்தால் தொழிலிலும் ஒழுங்கு இருக்கும் என்று நம்பினேன்.

அந்த நம்பிக்கை எதுவரை மெய், எங்கே பொய் என்பதை எனக்குக் காட்டியது ஒரு மருத்துவமனைக் கட்டில். செவிலியர் கையிலும் நோயாளியர் கையிலும் காணப்படும் பச்சையைப் பற்றி இன்று உங்களோடு பேசப் போகிறேன். பொருள் சிறியதுபோலத் தோன்றும். ஆனால் ஒரு மனிதர் மற்றொரு மனிதரை எப்படி மதிக்கிறார் என்னும் பெரிய பொருள் இதனுள் அடங்கியிருக்கிறது.

முதலில் என் தாயாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுதப் படிக்க அறியாத கிராமத்துப் பெண்மணி அவர். அவருடைய வலக் கையில் ஒரு கோலமும், இடக் கையில் ஒரு தேளும், அதனருகில் அவருடைய அண்ணன் பெயரும் பச்சை குத்தப்பட்டிருந்தன. மோவாயில் மூன்று புள்ளிகள். அண்ணன் பெயரை விரலால் தடவிக் காட்டி, "இது என் எழுத்து" என்பார். உலகத்து எழுத்துக்களுள் அவருக்குச் சொந்தமாக இருந்தவை அந்த நான்கே.

1971-ஆம் ஆண்டில், எனக்குப் பதினோரு வயது இருக்கும்போது, அவர் காய்ச்சலால் மெலிந்து நகரத்து மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டார். துணைக்கு நான் இருந்தேன். வெள்ளுடையும் வெண்தொப்பியும் அணிந்த செவிலி ஒருவர் நாடி பார்க்க வந்தார். தாயாரின் கையைப் பற்றியவர் முகம் சுளித்தார். "என்ன இது, கை முழுக்கக் கிறுக்கி வைத்திருக்கிறாய்? எந்தக் காட்டிலிருந்து வந்தாய்?" என்று கேட்டார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் தாயார் ஒன்றும் சொல்லவில்லை. அன்று முதல் அங்கிருந்த ஒன்பது நாளும் முந்தானைக்குள் இரு கைகளையும் மறைத்தே வைத்திருந்தார். நாடி பார்க்கக் கையைக் கேட்டால் மட்டும், ஏதோ திருடிய பொருளை எடுத்துக் கொடுப்பவர்போல, மெல்ல நீட்டுவார். நோய் தீர்ந்து வீடு திரும்பினோம். ஆனால் நகரத்துக்குப் போகும்போதெல்லாம் கையை மூடிக்கொள்ளும் வழக்கம் அவரை விட்டு நீங்கவே இல்லை.

கிறுக்கல் என்று அந்தச் செவிலி சொன்னாரே, அது உண்மையில் என்ன? நம் நாட்டில் பச்சை குத்துவதைத் தொழிலாகக் கொண்டிருந்தவர்களுள் குறவர் குலப் பெண்களும் அடங்குவர். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் 1906-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அவர்கள் மை கூட்டும் முறையை விளக்கியிருக்கிறார். மஞ்சள்தூளையும் அகத்தி இலையையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் வைத்துத் திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிப்பார்கள். அதன்மேல் புதுச்சட்டியைக் கவிழ்த்து, சட்டியின் உட்புறத்தில் படியும் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ நீரிலோ குழைப்பார்கள். அதுவே மை. ஊசிகளைச் சேர்த்துக் கட்டி அந்த மையைத் தோலுள் ஏற்றுவார்கள். "இறந்த பிறகு நகையும் வராது, நட்டும் வராது, பச்சை மட்டுந்தான் கூட வரும்" என்று நம் கிழவிகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

மை கருப்பாயிருக்க, நாம் பச்சை என்பது ஏன்? தோலின் அடியிலுள்ள கரியை ஒளி தோலைக் கடந்துதான் காட்ட முடியும். அவ்வாறு கடக்கும்போது கருமை நீலமும் பச்சையும் கலந்த நிறமாகத் தெரிகிறது. மேல்தோல் நாள்தோறும் உதிர்ந்து புதிதாகிக்கொண்டே இருக்கிறது. ஊசியோ அதன் கீழுள்ள அடித்தோல்வரை செல்கிறது. அந்நியப் பொருளாகிய மையை விழுங்குவதற்கு உடலின் காவற்கார உயிரணுக்கள் விரைகின்றன; விழுங்கியபின் செரிக்க மாட்டாமல் அங்கேயே தங்கிவிடுகின்றன. ஓர் உயிரணு மடிந்தால் அது விட்ட மையை அடுத்த உயிரணு ஏற்றுக்கொள்கிறது என்று பிரெஞ்சு அறிஞர்கள் 2018-ஆம் ஆண்டில் எலிகளிடம் ஆராய்ந்து காட்டினார்கள். பச்சை அழியாதிருப்பதன் இரகசியம் இந்தக் காவல்மாற்றமே.

மருத்துவத்துக்கும் பச்சைக்கும் உள்ள உறவும் மிகப் பழையது. 1991-ஆம் ஆண்டில் ஆஸ்திரியாவும் இத்தாலியும் சந்திக்கும் ஆல்ப்ஸ் மலையில், பனியில் உறைந்த மனித உடல் ஒன்று கிடைத்தது. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அவ்வுடலுக்கு ஓட்சி என்று பெயரிட்டார்கள். அதில் 61 பச்சைக் கோடுகளும் குறிகளும் உள்ளன. அவற்றுட் பல இடுப்பிலும் முழங்காலிலும் கணுக்காலிலும் இருக்கின்றன. அம்மூட்டுகள் தேய்ந்திருந்தமையால், வலியைத் தணிக்கவே அவை குத்தப்பட்டிருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து.

இத்துணைப் பழமையான வழக்கத்துக்கு இழிவு எங்கிருந்து வந்தது? ஒரு காரணம் நம் வரலாற்றிலேயே இருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சியில், கடுங்குற்றம் புரிந்தவரின் நெற்றியில் அவர் குற்றத்தைப் பச்சை குத்தும் தண்டனை இருந்தது. 1849-ஆம் ஆண்டில் அது நீக்கப்பட்டது. தண்டனை போயிற்று; பச்சையைக் கண்டவுடன் ஐயுறும் கண் போகவில்லை. நாகரிகம் மிகுந்ததாகத் தம்மை எண்ணிக்கொண்ட நகரத்தார் நாட்டுப்புறத்து அணியையெல்லாம் தாழ்வாக நினைத்ததும் மற்றொரு காரணம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். ஓய்வு பெற்ற மறு ஆண்டு, 2019-இல், குடலிறக்கத்துக்காக அறுவை சிகிச்சை செய்துகொள்ள ஒரு மருத்துவமனையில் சேர்ந்தேன். சிகிச்சைக்கு முன் கையில் ஊசி ஏற்றுவதற்கு இளஞ்செவிலி ஒருவர் வந்தார். அரைக்கைச் சட்டை. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையில் மூன்று பறவைகள் பறக்கும் பச்சை. அதைக் கண்டதும் என் கை தானாகப் பின்வாங்கியது. "அம்மா, வேறு சிஸ்டர் இருந்தால் அனுப்புங்களேன்" என்றேன். அந்தப் பெண் என் பார்வை சென்ற இடத்தைக் கவனித்துவிட்டார். "சரி சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். வேறொருவர் வந்தார், வேலையைச் செவ்வனே முடித்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

அறுவை நன்றாக நடந்தது. ஆனால் அன்றிரவு, இத்தகைய சிகிச்சைக்குப் பின் சிலருக்கு நேர்வதுபோல, எனக்குச் சிறுநீர் பிரியாமல் கட்டிக்கொண்டது. வயிறு கல்லாக இறுகிற்று. ஆயிரம் பிள்ளைகளை ஒரு பார்வையால் அடக்கியவன் இதை எப்படி ஒரு பெண்பிள்ளையிடம் சொல்வது? வெட்கத்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். நள்ளிரவு கடந்து கட்டிலருகே ஒருவர் வந்து, தொங்கவிட்டிருந்த குறிப்புத் தாளைக் கைவிளக்கால் பார்த்தார். "மாலையிலிருந்து சிறுநீர்க் கணக்கில் ஒன்றுமே எழுதவில்லையே சார். வயிறு வலிக்கிறதா?" என்று கேட்டார். விளக்கொளியில் மூன்று பறவைகளைக் கண்டேன்.

வலிக்கிறது என்றேன். அவர் உடனே திரையை இழுத்து மூடினார். இரவு மருத்துவரை அழைத்தார். பத்து நிமிடத்தில் துன்பம் தீர்ந்தது. அத்தனை நேரமும் அவர் முகத்தில் அருவருப்பும் இல்லை, கேலியும் இல்லை, காலையில் நான் செய்ததற்குப் பழிவாங்கும் குறிப்பும் இல்லை. நான் ஒரு நோயாளி. அவர் ஒரு செவிலி. அவ்வளவே. வேலை முடிந்ததும் அறையின் மூலையிலிருந்த குழாயடிக்குப் போய் முழங்கைவரை சோப்பிட்டுக் கழுவினார். பறவைகள்மேல் நுரை வழிந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் மனக்கண் முன் வேறொரு கை வந்து நின்றது. முந்தானைக்குள் ஒளிந்திருந்த என் தாயாரின் கை அது. நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு செவிலி என் தாயாருக்குச் செய்ததை, அதே குற்றத்தை, நான் ஒரு செவிலிக்குச் செய்திருக்கிறேன் என்பது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது.

மறுநாள் காலையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, அந்தப் பறவைகளுக்கு ஏதேனும் பொருள் உண்டா என்று வினவினேன். மறைந்த தந்தையின் நினைவு என்றோ, பெரிய கொள்கை என்றோ அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். அவ்வாறு சொல்லியிருந்தால் என் மனம் எளிதில் சமாதானம் அடைந்திருக்கும். அவர் சிரித்தார். "நாங்கள் மூன்று பேர் ஒரே அறையில் தங்கி நர்சிங் படித்தோம் சார். படிப்பு முடிந்த அன்று மூன்று பேரும் குத்திக்கொண்டோம். பிடித்திருந்தது, அவ்வளவுதான்" என்றார்.

மாணவர்களே, அந்தப் பதில் எனக்கு இரண்டாவது பாடம். நல்ல காரணம் காட்டினால் மன்னிப்பேன் என்று நான் காத்திருந்தேன். மன்னிக்க நான் யார்? தம் கைக்கு அவர் எனக்குக் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அவர் கடமைப்பட்டிருந்தது நல்ல மருத்துவப் பணிவிடை ஒன்றுக்கே. அதை அவர் குறைவின்றிச் செய்திருந்தார்.

"மறைத்துக்கொண்டால் என்ன?" என்று உங்களுள் சிலர் கேட்கலாம். அங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது. 1847-ஆம் ஆண்டில் வியன்னா நகரத்துப் பிரசவ விடுதியில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், கை கழுவினால் தாய்மார் சாவு குறையும் என்று மெய்ப்பித்தார். அவர் தொடங்கிய வழியில் நடந்தே, 2007-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சுகாதாரத் துறை, நோயாளியைத் தொடுவோர் முழங்கைக்குக் கீழே வெறுங்கையாக இருக்க வேண்டும் என்ற நெறியைக் கொண்டுவந்தது. நீண்ட சட்டைக்கையும் கைக்கடிகாரமும் வளையலும் கிருமிக்கு இடம் தருவன. மணிக்கட்டு வரை நன்றாகக் கழுவுவதற்கும் அவை தடை. ஆகவே நோயாளியின் நலம் கருதியே கை திறந்திருக்கிறது. கை திறந்திருப்பதால் பச்சை தெரிகிறது. துணியால் மூடினால் கண்ணுக்கு இதமாக இருக்கலாம். ஆனால் தூய்மைக்கு அது கேடு. ஆறிய பச்சையோ தோலோடு தோலாகி விட்டது; அதை மற்றத் தோலைப் போலவே கழுவலாம்.

நோயாளிகள் உண்மையில் என்ன நினைக்கிறார்கள்? அமெரிக்காவில் நடந்த இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. 2012-இல் வெளிவந்த ஒன்றில், பச்சை குத்திய மருத்துவமனைப் பணியாளரின் படங்களை நோயாளிகளிடம் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். ஒத்த பச்சையே ஆண் கையிலும் பெண் கையிலும் இருக்க, பெண்ணையே தொழிற்பண்பு குறைந்தவராக மதித்தார்கள். குற்றம் பச்சையில் இருந்தால் இருவருக்கும் ஒரே மதிப்பெண் அன்றோ விழுந்திருக்க வேண்டும்! 2018-இல் வெளிவந்த மற்றொன்றில், பென்சில்வேனியாவில் ஓர் அவசர சிகிச்சைப் பிரிவின் மருத்துவர்கள் சில நாட்களில் போலிப் பச்சையுடனும் சில நாட்களில் அது இல்லாமலும் பணிபுரிந்தார்கள். சிகிச்சை பெற்ற 900-க்கும் மேற்பட்டவர்களிடம் அம்மருத்துவரின் திறமையையும் பண்பையும் பற்றிக் கேட்டார்கள். பச்சையால் மதிப்பு குறையவில்லை.

முன்னது படம், பின்னது நேர்ச் சந்திப்பு. முன்னதில் செவிலியர் முதலியோர், பின்னதில் மருத்துவர். ஆதலால் இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தல் ஆகாது. எனினும் என் அனுபவம் எனக்கு ஒரு விளக்கம் தருகிறது. படத்தில் கண்ணுக்குக் கிடைப்பது தோல் மட்டுமே. நேரில் குரல் இருக்கிறது. தொடும் கை இருக்கிறது. வலியைக் கேட்டறியும் பொறுமை இருக்கிறது. காலையில் நான் பார்த்தது படம். நள்ளிரவில் பார்த்தது ஆள்.

இனி, கட்டிலின் மறுபக்கத்தைப் பார்ப்போம். நோயாளியின் உடலிலுள்ள குறியைச் செவிலி எப்படிக் காண வேண்டும்? நாஜிகளின் அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் கைதிகளின் இடக் கையில் எண்ணைப் பச்சை குத்தினார்கள். உயிர் தப்பியவர்கள் முதுமையில் மருத்துவமனைகளுக்கு வந்தபோது, இரத்த அழுத்தம் பார்க்கச் சட்டைக்கையை உயர்த்திய செவிலியர் அந்த எண்ணைக் கண்டார்கள். அதைப் பார்த்து ஒருவர் விளையாட்டாக ஏதேனும் கேட்டிருந்தால் எத்துணைக் கொடுமையாக இருந்திருக்கும்! நியூசிலாந்தின் மாவோரிப் பெண்கள் மோவாயில் குத்திக்கொள்ளும் மோகோ கவாயே அவர்கள் குலவழியின் பெருமை. மாவோரிச் செவிலியருட் சிலர் அதனோடேயே பணிபுரிகிறார்கள். அக்குறியைத் தாங்கிய நனாயா மஹுதா 2020-ஆம் ஆண்டில் அந்நாட்டு வெளியுறவு அமைச்சரானார். என் தாயாரின் மோவாயிலிருந்த மூன்று புள்ளிகளை அப்போது நினைத்துக்கொண்டேன். ஓரிடத்தில் சிரிப்புக்கு உள்ளாகும் குறி மற்றோரிடத்தில் ஆட்சிப் பீடத்தில் அமர்கிறது.

மருத்துவமனையே பச்சை குத்துவதும் உண்டு. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தருகையில், நாள்தோறும் கதிர் ஒரே இடத்தில் விழவேண்டும் என்பதற்காகச் சிறு புள்ளிகளை நோயாளியின் தோலில் குத்துகிறார்கள். பிறகு வாழ்நாள் முழுதும் அப்புள்ளி அவர் கடந்து வந்த துன்பத்தின் அடையாளமாக நிற்கும்.

இன்னொன்று கேளுங்கள். 2017-ஆம் ஆண்டில் வெளியான செய்தி இது: அமெரிக்காவின் மயாமி நகரில், எழுபது வயது முதியவர் ஒருவர் நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். தமக்கு உயிர்மீட்புச் சிகிச்சை செய்ய வேண்டாம் என்னும் பொருள்பட அவர் மார்பில் பச்சை குத்தியிருந்தது. கீழே கையொப்பமும் இருந்தது. மருத்துவர்கள் திகைத்தார்கள். திருத்த முடியாத முடிவைத் தோலை நம்பி எடுப்பதா என்று அஞ்சி முதலில் சிகிச்சையைத் தொடர்ந்தார்கள். அறநெறி ஆலோசகரைக் கலந்தார்கள். அவர் அந்த விருப்பத்தை மதிக்குமாறு கூறினார். பின்னர் முதியவர் முறைப்படி எழுதிய ஆவணமும் கிடைத்தது. ஆயினும் 2012-இல் பதிவான வேறொரு நோயாளி, அத்தகைய பச்சையை இளமையில் ஒரு பந்தயத்தில் தோற்றுக் குத்திக்கொண்டதாகவும் அது தம் விருப்பமன்று என்றும் சொன்னார். ஒரே எழுத்து, ஒருவருக்கு உயிர்ச்சாசனம், மற்றவருக்கு இளமை விளையாட்டு. பச்சை எதைச் சொல்கிறது என்பதைக் குத்திக்கொண்டவரைக் கேட்டே அறிய வேண்டும்.

இவ்வளவும் சொன்னதனால், நீங்கள் அனைவரும் நாளையே கையை நீட்டுங்கள் என்று நான் சொல்லுவதாக எண்ண வேண்டாம். பழைய தலைமையாசிரியன் என்னுள் இன்னும் இருக்கிறான்! தூய்மை செய்யாத ஊசியால் ஈரல் அழற்சி நோய்களும் எச்.ஐ.வி.யும் பரவக்கூடும். பச்சை குத்தியவரிடம் நம் நாட்டு இரத்த வங்கிகள் ஓராண்டுக்கு இரத்தம் பெறுவதில்லை. லேசர் ஒளியால் அழிக்கலாம் என்றாலும் பலமுறை செய்ய வேண்டும். பொருளும் செலவாகும், வலியும் உண்டு. இராணுவம் போன்ற சில பணிகளில் எந்த இடத்தில் பச்சை இருக்கலாம் என்பதற்கு விதிகள் உள்ளன. பதினெட்டு வயதின் விருப்பம் எண்பது வயதின் தோலிலும் நிற்கும் என்பதை எண்ணிப் பார்த்து முடிவு செய்யுங்கள். மற்றொன்றும் சொல்ல வேண்டும். பிறரை இழித்துரைக்கும் சொல்லோ, அச்சுறுத்தும் படமோ ஒரு செவிலி கையில் இருந்தால் நோயாளி அஞ்சுவது நியாயமே. அதை மறைக்கச் சொல்ல மருத்துவமனைக்கு உரிமை உண்டு. அங்கே நாம் விலக்குவது அது சொல்லும் பகைமையை, பச்சையை அன்று.

செவிலி என்பது நம் மொழியின் பழஞ்சொல். சங்க இலக்கியத்தில் தலைவியை வளர்த்தெடுக்கும் தாயே செவிலி. இன்று அந்தப் பெயரை மருத்துவமனையில் நம்மைப் பேணுகின்றவர்களுக்கு வழங்குகிறோம். பெயரில் தாய்மையை வைத்துவிட்டு, கையைக் கண்டு முகம் சுளிப்பது முறையாகுமா?

உங்களுட் சிலர் நாளை செவிலியராகவும் மருத்துவராகவும் ஆவீர்கள். கை முழுதும் பச்சை குத்திய ஒரு கிழவி உங்கள் முன் வந்து அமர்வார். நாடி பார்க்கும்போது, "இது யார் பெயர், பாட்டி?" என்று அன்போடு கேளுங்கள். அவர் முந்தானையை விலக்கிக் காட்டுவார். நீங்கள் அனைவரும் என்றேனும் ஒருநாள் நோயாளியாகவும் ஆவீர்கள். அப்போது ஊசியோடு வருபவர் கையில் பறவையோ பூவோ இருந்தால், கையைப் பின்னுக்கு இழுக்காதீர்கள். அந்தக் கை கழுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், அது போதும்.

ஆசிரியப் பயிற்சியில் நான் கற்ற பாடத்தை இப்போது சற்றே திருத்திக்கொண்டிருக்கிறேன். பிறர் நம்மை முதலில் கண்ணால்தான் படிப்பார்கள். அதைத் தடுக்க முடியாது. ஆனால் முதற்பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிடுவது நல்ல மாணவனுக்கு அழகன்று. அறுபது வயதை நெருங்கும்போது கற்றுக்கொண்ட இந்தத் திருத்தத்தை, உங்களுக்கு முன்னதாகவே சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன்.